ஊரில் ஒரு ஜப்பானிய வட்டம்: சேரவும் தொடங்கவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வு கிடையாது. தொடக்க நிலையான என்5க்கு மொத்தம் 180 மதிப்பெண். 80 எடுத்தால் தேர்ச்சி. மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120க்குக் குறைந்தது 38, கேட்டலுக்கான 60க்குக் குறைந்தது 19 வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம்கூடச் சொல்லாமல் என்5இலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகலாம். சான்றிதழோடு வேலையில் சேர்ந்தவர், "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று ஜப்பானிய மேலாளர் கேட்டதும் திருதிருவென்று விழிப்பது இதனால்தான்.

வகுப்பில் தீராத இந்தக் குறை தீர்வது பேச்சு வட்டங்களில். வகுப்புக்கு ஆசிரியர், கட்டணம், பாடத்திட்டம் உண்டு. வட்டத்தில் ஒரு மேசை, நாலு பேர், கொஞ்சம் தேநீர். நீங்கள் ஜப்பானிய மொழி பழகுகிறீர்கள். எதிரில் இருப்பவர் உங்கள் ஊரைப் பழகுகிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாகச் சாய்ந்தால் வட்டம் ஆறு மாதம்கூடத் தாங்காது. கீழே வரும் படிகளில் பாதி, அது சாயாமல் பார்த்துக்கொள்வதற்கானவை.

முதலில், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதிதாகத் தொடங்கும் ஆசையோடு வருபவர்களில் பலருக்கு, அவர்கள் ஊரிலேயே ஒரு குழு இயங்கிக்கொண்டிருப்பது தெரியாது. தேடும்போது இந்த வகைகளை மனதில் வையுங்கள்.

முன்னாள் பயிற்சியாளர் சங்கங்கள். ஜப்பானிய மொழியில் 'தோசோகாய்' என்றால் ஒன்றாகப் படித்தவர்களின் சங்கம். 1959இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட ஏஓடிஎஸ் என்ற அமைப்பு, வளரும் நாடுகளின் தொழில்நுட்பப் பணியாளர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. அதை உருவாக்கியவர் ஹோசுமி கோஇச்சி. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர்கள் அங்கங்கே சங்கம் வைத்துக்கொண்டார்கள். சென்னையில் உள்ள ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் அந்த வழியில் வந்ததுதான். பெயரில் உள்ள ஏபிகே, டோக்கியோவில் ஆசிய மாணவர்கள் தங்கிப் படித்த ஆசியா புன்கா காய்கானைக் குறிக்கும். மொழி வகுப்பு, தேர்வு, பண்பாட்டு நிகழ்ச்சி மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. சென்னைவாசிகள் முதலில் தட்ட வேண்டிய கதவு இது.

கலை வழி அமைப்புகள். இகெபானா என்பது ஜப்பானிய மலர் அலங்காரக் கலை. எலன் கார்டன் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1956இல் டோக்கியோவில் தொடங்கிய இகெபானா இன்டர்நேஷனலுக்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. "மலர்கள் வழியே நட்பு" என்பது அவர்கள் வாசகம். தேநீர்க் கலையில் கியோத்தோவின் உராசெங்கே பள்ளிக்கு வெளிநாடுகளில் தாங்கோகாய் என்ற சங்கங்கள் இருக்கின்றன. இந்த வகையில் சேரும்போது ஒன்றைக் கவனியுங்கள். இகெபானாவிலும் தேநீரிலும் பள்ளி என்பது நம் ஊர் இசையின் பாணி மாதிரி. ஒரு பள்ளியில் கற்றதை இன்னொரு பள்ளியின் ஆசிரியரிடம் காட்டி "இது சரிதானா?" என்று கேட்பது மரியாதையாகாது.

நட்புச் சங்கங்கள் பழையவை: லண்டனின் ஜப்பான் சொசைட்டி 1891இல் பிறந்தது, நியூயார்க்கில் இருப்பது 1907இல். குடியேறியவர்களின் சங்கங்கள் இன்னொரு ரகம். 1908 ஜூன் 18 அன்று காசாத்தோ மாரு கப்பலில் 781 பேர் பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அந்த வழியில் வந்தவர்கள், முன்னோர் ஜப்பானில் எந்த மாகாணம் என்பதை வைத்து மாகாணவாரியாக 'கென்ஜின்காய்' நடத்துகிறார்கள். சாவ் பாவ்லோவில் இருக்கும் தமிழருக்கு இது பெரிய வாய்ப்பு.

'நிஹோன்ஜின்காய்' என்று பெயர் இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். அது அந்த ஊரில் வசிக்கும் ஜப்பானியர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட சங்கம். பள்ளி, மருத்துவமனை, பாதுகாப்பு என்று அவர்களின் சொந்தக் கவலைகளுக்கானது. நேராகப் போய் உறுப்பினராகக் கேட்காமல், அவர்கள் வெளியாருக்குத் திறந்துவிடும் கோடைவிழா, பஜார் போன்ற நாட்களில் போய் அறிமுகமாகுங்கள்.

முதல் நாள் போகும்போது

சொன்ன நேரத்துக்குப் 10 நிமிடம் முன்னால் போங்கள். நாலரை மணிக் கூட்டத்துக்கு நாலே முக்காலுக்கு வருவது நமக்குத் தாமதமே இல்லை. அங்கே அது மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம். தாமதமாகும் என்று தெரிந்தால் கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு வரி செய்தி அனுப்பிவிடுங்கள். தாமதத்தைவிட, சொல்லாமல் தாமதமாவதுதான் மனக்கசப்பைத் தரும்.

'ஜிகோஷோகாய்' என்ற சுய அறிமுகத்தை 30 விநாடிக்குள் அடங்குமாறு தயார் செய்துகொள்ளுங்கள். பெயர், வேலை, எதனால் ஆர்வம் வந்தது, முடிவில், உங்கள் ஆதரவை வேண்டுகிறேன் என்ற பொருளில் "யோரோஷிகு ஒனெகாய்ஷிமாசு". உங்கள் பெயரோடு நீங்களே 'சான்' போட்டுக்கொள்ளாதீர்கள். அது மற்றவர்கள் தர வேண்டிய மரியாதை.

பெயர் அட்டை எழுதும்போது தமிழர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நம்மிடம் உள்ள ர, ற, ல, ள, ழ ஐந்தும் ஜப்பானிய எழுத்தில் ஒரே 'ர' வரிசையில்தான் போய் விழும். 'ன்' தவிர மற்ற மெய்யெழுத்தில் முடியும் பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் 'உ' ஒட்டிக்கொள்ளும். கயல்விழி 'கயருவிரி' ஆவார். செந்தில் 'சென்திரு' ஆவார். கோபித்துக்கொள்ள வேண்டாம். கயல்விழி 'கயா' என்றும், கிருஷ்ணமூர்த்தி 'மூர்த்தி' என்றும் எழுதிக்கொண்டால் இருபக்கமும் நிம்மதி.

பரிசு வேண்டுமானால் சின்னதாக, தனித்தனியாக உறையிட்ட தின்பண்டம். இரண்டு கையாலும் கொடுங்கள். விலை கூடிய பரிசு அவர்களைத் திருப்பிச் செய்ய வேண்டிய கடனில் மாட்டிவிடும்.

என்ன கேட்கக்கூடாது என்பது இதைவிட முக்கியம். "கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை குழந்தைங்க, சம்பளம் எவ்வளவு வரும்?" இவை நம் ஊரில் அக்கறைக் கேள்விகள். அங்கே இவை முதல் சந்திப்பில் வரவே கூடாதவை. அதைவிட மோசம், முதல் நாளே "உங்க கம்பெனியில வேலை இருக்கா?" என்பது. கேட்டவருக்குப் பதில் சிரிப்பாக வரும். அடுத்த வாரம் அந்த ஜப்பானியர் வரமாட்டார்.

அந்தச் சிரிப்பைப் படிக்கவும் பழக வேண்டும். "ச்சொத்தோ...", அதாவது 'கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்தினால் அது 'இல்லை'. "காங்காயெதே ஒகிமாசு", அதாவது 'யோசித்து வைக்கிறேன்' என்றாலும் பெரும்பாலும் 'இல்லை'தான். நம் ஊரில் "பார்க்கலாம்" என்பதை எப்படிப் புரிந்துகொள்வோமோ அப்படி.

தொடங்குவது என்று முடிவானால்

படி 1. மூன்று பேர் சேருங்கள். ஒருவர் இடம், ஒருவர் தகவல், ஒருவர் கணக்கு. முப்பது பேர் கொண்ட வாட்சாப் குழுவை முதலில் உண்டாக்கி, பிறகு கூட்டம் போடலாம் என்று நினைப்பவர்கள் கூட்டமே போடுவதில்லை. காலை வணக்கப் படங்கள்தான் வந்து குவியும். மூவருமே உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும். ஏன் என்பது கடைசியில் வருகிறது.

படி 2. நாளை நிலையாக வையுங்கள். மாதத்தின் இரண்டாம், நாலாம் சனிக்கிழமை மாலை 4 முதல் 5:30 என்பது மாதிரி, யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத நாள். "எல்லாருக்கும் எந்த நாள் வசதி?" என்று ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு நடத்தினால், யாருக்கும் வசதியில்லாத நாள்தான் கிடைக்கும். தவிர்க்க வேண்டியவை: ஜேஎல்பிடி நடக்கும் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய வாரமும், ஏப்ரல் 29 தொடங்கி மே முதல் வாரம் வரை வரும் ஜப்பானின் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஒபோன், ஆண்டு முடிவு. நம் பக்கம் பொங்கலும் தீபாவளியும் சொல்லவே வேண்டாம்.

படி 3. இடம். நூலக அறை, அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறை, பயிற்சி நிலையத்தின் காலி வகுப்பு எதுவானாலும் சரி. 12 பேர் உட்கார வேண்டும், இரைச்சல் இருக்கக்கூடாது. காப்பிக்கடை வேண்டாம். அங்கே பாட்டும் மிக்ஸியும் ஓடும். தொடக்க நிலையில் உள்ளவருக்கு அந்தச் சத்தத்தில் ஓர் அசை தவறினால் வாக்கியமே போய்விடும்.

ஒரு மேசைக்கு நாலு பேர். இந்த எண்ணிக்கையை மாற்றாதீர்கள். எட்டுப் பேரை ஒரே வட்டமாக உட்கார வைத்தால், நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் உரையாடுவார்கள், ஆறு பேர் தலையாட்டுவார்கள். ஒரே ஒரு ஜப்பானியர்தான் வந்திருக்கிறார் என்றால் அவரை 12 நிமிடத்துக்கு ஒரு மேசையாகச் சுற்ற வையுங்கள். ஜப்பானியர் ஒருவருமே வராத வாரமும் கூட்டம் நடக்கட்டும். ஜேஎல்பிடியின் நடு நிலையான என்3 முடித்த உள்ளூர்க்காரர் ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் போதும்.

படி 4. தொண்ணூறு நிமிடத்தைப் பிரிப்பது:

வருகை, பெயர் அட்டை: 10 நிமிடம்
ஒரு வரிச் சுய அறிமுகம்: 10 நிமிடம்
ஜப்பானிய மொழி மட்டும்: 35 நிமிடம்
தேநீர்: 5 நிமிடம்
தமிழ் அல்லது ஆங்கிலம் மட்டும்: 25 நிமிடம்
அடுத்த கூட்டத்துக்கான தகவல்: 5 நிமிடம்

அந்த 25 நிமிடத்தைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் ஜப்பானிய மொழியே பேசலாமே" என்று ஆசை ஆசையாகத் தொடங்கும். ஆனால் வந்திருக்கும் ஜப்பானியர் இலவச ஆசிரியர் இல்லை. அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் "மீட்டர் போடுங்க" என்பது, காய்கறிக்காரம்மாவிடம் "கால் கிலோ" என்பது, வீட்டு வேலைக்கு வருபவரிடம் "நாளைக்கு வேண்டாம்" என்பதை முகம் கோணாமல் சொல்வது, பேருந்தின் முகப்பில் உள்ள ஊர்ப் பெயரைப் படிப்பது இவைதான் அவருக்குத் தேவை. திருக்குறளில் தொடங்காதீர்கள்.

தலைப்பு அட்டைகள் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். ஒரு மேசைக்கு மூன்று. "உங்கள் நாட்டின் பண்பாடு பற்றிச் சொல்லுங்கள்" என்று எழுதினால் யாருக்கும் வாய் வராது. "மழைநாளில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று எழுதினால் நிறுத்தவே முடியாது. கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளுக்கு மேல், உச்சரிப்பைக் காட்டும் சின்ன எழுத்தான ஃபுரிகானா போட்டிருக்க வேண்டும். பிழைதிருத்தம் பற்றியும் முதலிலேயே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்வரை யாரும் திருத்தக்கூடாது. பாதியில் திருத்தினால் அந்த ஆள் அன்று முழுக்க ஊமையாகிவிடுவார்.

தமிழ் எழுத்தில் ஜப்பானிய மொழியை எழுதிப் பழகாதீர்கள்

தமிழர் கூடும் வட்டங்களில் இது முதல் மாதமே தலைதூக்கும். கைப்பேசியில் தட்டுவது சுலபம் என்று எல்லாரும் குழுவில் தமிழ் எழுத்தில் சொற்களைப் பகிர்வார்கள். பிறகு அந்தத் தவறுகள் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். பெர்சிமன் பழத்துக்கு ஜப்பானியப் பெயர் ஒன்று உண்டு: முதலில் ஒரு குறில் 'க', அடுத்து ஓர் அழுத்தமான 'கி'. தமிழில் 'ககி' என்று எழுதினால் நடு ஒலி மெலிந்து 'சாவி' என்ற சொல்லாகிவிடும். 'கக்கி' என்று எழுதினால் ஒற்று விழுந்து, 'சுறுசுறுப்பு' என்று பொருள்படும் இன்னொரு சொல்லாகிவிடும். பழத்தை எழுத நம் எழுத்தில் வழியே இல்லை. இரண்டு உயிருக்கு நடுவே வல்லின ஒலியை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் நாம் இரட்டிக்கிறோம். ஜப்பானிய மொழிக்கோ இரட்டித்தால் அது வேறு சொல்.

பேச்சிலும் இதே வினைதான். 'வாங்க' என்று கூப்பிட நினைத்து, பழக்கதோஷத்தில் ஓர் ஒற்றைச் சேர்த்து "கித்தே குதசாய்" என்போம். அதற்குப் பொருள் 'வெட்டுங்க'.

ஆறுதலும் இருக்கிறது. குறில் நெடில் வேறுபாட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறுவார்கள். நமக்கு அது தாய்ப்பால். 'பிரு' கட்டடம், 'பீரு' குடிப்பது. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. ஒருமுறை கேட்டாலே பிடிபட்டுவிடும். வாக்கிய அமைப்பும் அப்படித்தான். "நான் நேத்து கடையில தோழியோட காப்பி குடிச்சேன்" என்பதில் 'கடை-இல', 'தோழி-ஓட' என்று உருபுகள் பின்னால் ஒட்டி, வினை கடைசியில் வருகிறது. ஜப்பானியத்திலும் அதே வரிசை: வதஷி-வ கினோ மிசெ-தெ தொமொதச்சி-தொ கோஹீ-ஒ நொமிமஷித. தமிழில் யோசித்து, சொற்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்; ஆங்கிலம் வழியாகப் போனால் இரண்டு முறை குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். (மேலே எழுதியதிலேயே குறை தெரியும். 'மிசெ-தெ'யில் உள்ளது மெலிந்த ஒலி, 'தொ' அழுத்தமானது. பக்கத்தில் வித்தியாசம் தெரிகிறதா?)

ஆகவே முதல் ஆறு கூட்டங்களில், தொடங்கும் முன் 15 நிமிடம் ஒதுக்கி ஹிராகானா என்ற ஒலியெழுத்து வரிசையை முடித்துவிடுங்கள். அடிப்படை எழுத்து 46தான், கூட்டத்துக்கு எட்டு. 247 எழுத்தை ஏழு வயதில் தாண்டியவர்களுக்கு இது பெரிய மலையில்லை. பாடத்துக்கு, ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் 'இரோதோரி' பாடநூலைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் 18 பாடம், ஒலிக்கோப்போடு. கடை, வேலை, மருத்துவர் என்று நடைமுறைச் சூழல்களில் அமைந்திருப்பதால் பேச்சு வட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்ற பேச்சு கட்டாயம் எழும். மொழியியலாளர் ஓனோ சுசுமு பல ஆண்டுகள் அதை வாதிட்டவர். பொங்கலையும், ஜனவரி நடுவில் வரும் ஜப்பானின் 'சிறு புத்தாண்டு' கொஷோகாத்சுவையும் ஒப்பிட்டு எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சுவையான விஷயம்தான், ஆனால் தொண்ணூறு நிமிடத்தையும் தின்றுவிடும். தேநீர் இடைவேளைக்குத் தள்ளிவிடுங்கள்.

கைவேலை நாள்: தூரிகை எழுத்து

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பேச்சுக்குப் பதில் கையால் ஏதாவது செய்யும் நாள் வையுங்கள். மொழி வராதவரும் அன்று சமமாகிவிடுவார். செலவு குறைவு, பலன் அதிகம் என்ற கணக்கில் 'ஷோதோ' என்ற தூரிகை எழுத்தை முதலில் வைக்கலாம். ஜப்பானில் ஆண்டின் முதல் தூரிகை எழுத்தை ஜனவரி 2 அன்று எழுதுவது வழக்கம். சென்னை போன்ற ஊருக்கும் அது தோதான பருவம், ஏனென்றால் எழுதும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஓடினால் தாள் பறக்கும், மை திட்டுத்திட்டாக உலரும். மே மாதத்தில் விசிறி இல்லாத அறையில் 12 பேரை உட்கார வைத்துவிட்டுக் கலை பேச முடியாது.

12 பேருக்கு வேண்டியவை: ஹன்ஷி தாள் (ஏறக்குறைய 24க்கு 33 சென்டிமீட்டர்) ஆளுக்குப் பத்து வீதம் 120, 180 மில்லி 'பொகுஜூ' மை ஒரு பாட்டில், பெரிய தூரிகை 12, தாளுக்கு அடியில் விரிக்க ஃபெல்ட் துணி, கிடைக்காவிட்டால் பழைய கம்பளியை வெட்டிக்கொள்ளலாம், தாளின் மேல்விளிம்பில் வைக்க இரும்பு ஸ்கேல், நிறையச் செய்தித்தாள். மையைச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் ஆளுக்கு இரண்டு தேக்கரண்டிக்குள் ஊற்றுங்கள். ஓவியக் கடையில் விற்கும் நீர்புகா இந்தியன் இங்கை வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள அரக்கு காய்ந்து தூரிகையைக் குச்சியாக்கிவிடும்.

புதுத் தூரிகையின் மயிர் பசையால் இறுகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நனைத்து, விரலால் மெல்லப் பிரித்து, நீரைத் துடைத்துவிட்டு மையில் தோயுங்கள். பேனா பிடிப்பதுபோல் சாய்த்துப் பிடித்து மணிக்கட்டை மேசையில் ஊன்றுவது எல்லாரும் செய்யும் தவறு. தூரிகை செங்குத்தாக நிற்க வேண்டும், முழங்கை காற்றில் இருக்க வேண்டும். கோடு தோளிலிருந்து வரும்.

முதல் எழுத்தாக 'தொமோ', அதாவது நண்பன். நாலே கோடு: குறுக்கே ஒன்று, அதை வெட்டி இடப்பக்கம் சரியும் ஒன்று, மடங்கித் திரும்பி மறுபடி இடம் சரிவது ஒன்று, வலப்பக்கம் சரிந்து அகன்று முடிவது கடைசி. அந்தக் கடைசிக் கோட்டின் முடிவில் தூரிகையை ஒரு கணம் அழுத்தி நிறுத்தி, பிறகு மெல்ல உருவ வேண்டும். நிறுத்தாமல் இழுத்தால் வால் மாதிரி மெலிந்துபோகும். மேலும், எழுதிய கோட்டின் மேல் மறுபடி தடவிச் சரிசெய்வது கிடையாது. சரியில்லையா, புதுத் தாள். பத்துத் தாள் கொடுப்பது அதற்குத்தான்.

எல்லாரையும் கருப்பு உடையில் வரச் சொல்லுங்கள். மை என்பது கரித்தூளும் பசையும். துணியில் புகுந்தால் லேசில் போகாது. பட்டுவிட்டால், உலரும் முன் சோற்றுப் பருக்கையைச் சோப்புத்தூளோடு பிசைந்து கறைமேல் தேய்ப்பது ஜப்பானிய வீடுகளின் கைமருந்து. முழுக்கப் போகாது, மங்கும்.

சாப்பாடும் உடையும்

ஒனிகிரி என்ற சோற்று உருண்டை எல்லாருக்கும் பிடிக்கும், அடுப்பும் அதிகம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு என்றால் 24 உருண்டை. ஒன்று 100 கிராம். ஜப்பானிய அளவான ஒரு 'கோ' 180 மில்லி, எடையில் சுமார் 150 கிராம் அரிசி. ஏழு கோ, அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வடித்தால் சரியாக இருக்கும். குட்டை ரக ஜப்பானிய அரிசியே வேண்டும். பாசுமதி உருண்டையாக நிற்காது. சூடாக இருக்கும்போதே, கையை நனைத்து உப்பைத் தடவிக்கொண்டு பிடியுங்கள். நடுவில் வைக்க, உப்பில் ஊறிய புளிப்புப் பழமான உமெபோஷி கிடைக்காத ஊரில் மாங்காய் ஊறுகாய் நன்றாகவே பொருந்தும். ஆனால் எண்ணெயை நன்றாக வடித்துவிடுங்கள். எண்ணெய் பட்ட சோறு ஒட்டாமல் கையிலேயே உதிரும்.

தமிழர் வட்டத்தில் பெரிய சங்கடம் சைவ உணவில்தான் வரும். "காய்கறி சூப்தான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பொய்யில்லை, அவர்கள் கண்ணுக்கு அதில் மீன் துண்டு கிடையாது. ஆனால் மிசோ சூப்பின் அடிச்சாறான 'தாஷி' பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீன் சீவலில் எடுத்தது. ஆகவே "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்காமல், "தாஷி எதில் எடுத்தது?" என்று கேளுங்கள். சமைக்கும் முன்பே சொல்லிவிட்டால் கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலும் எடுத்துவிடுவார்கள், ருசியும் குறையாது. சமையலில் சேர்க்கும் இனிப்புத் திரவமான மிரினில் மது உண்டு. அரிசி பிஸ்கட்டிலும் மீன்சாறு இருக்கலாம். மேசையில் வைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு சின்னச் சீட்டு எழுதி வைத்துவிட்டால் கேள்வியே எழாது.

யுகாதா என்ற மெல்லிய பருத்திக் கிமோனோ உடுத்தும் நாளில் ஒன்றே ஒன்றைத் தப்பாமல் பாருங்கள்: உடுத்துபவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. சோதிக்கச் சுலபமான வழி, உடுத்தியவரின் வலக்கை மார்புப் பிளவுக்குள் தாராளமாக நுழைய வேண்டும். கைப்பேசியின் முன்பக்கக் கேமரா படத்தைத் திருப்பிக் காட்டும், அதை நம்பாதீர்கள். இதேபோல் சோற்றில் சாப்பாட்டுக் குச்சியை நட்டு வைப்பதும் சாவுவீட்டுச் சடங்கு.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்; வெளியிடுவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள். குழந்தைகள் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழுவில்கூடப் போட வேண்டாம்.

பணம், அனுமதி, ஆதரவு

சந்தா வைக்காதீர்கள். அன்றைய செலவை அன்று வந்தவர்களால் வகுத்து வாங்குங்கள். கணக்கை அன்றிரவே குழுவில் போட்டுவிடுங்கள், பத்து ரூபாய் மீதியானாலும்.

ஆண்டுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தபின் துணைத் தூதரகத்தை அணுகலாம். அங்கே 'கோஎன் மெய்கி' என்ற ஆதரவு உண்டு. பெயரை மட்டும் பயன்படுத்திக்கொள்ள அனுமதிப்பது, பணம் இல்லை. லாபநோக்கம், அரசியல், மதப்பிரச்சாரம் எதுவும் இருக்கக்கூடாது. திட்டம், வரவுசெலவு மதிப்பீடு, பொறுப்பாளர் பட்டியல், முந்தைய நிகழ்ச்சி விவரம் இவற்றோடு இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதுங்கள். அனுமதி எழுத்தில் வரும் முன் சுவரொட்டியில் அவர்கள் சின்னத்தைப் போட்டுவிட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. சிறிய ஊரில் முதல் நிகழ்ச்சிக்கு ஜூலை 7இல் வரும் தனாபாத்தா விழா நல்ல தேர்வு: வண்ணத் தாளை நீளவாக்கில் நறுக்கி, விருப்பத்தை எழுதி, மூங்கில் கிளையில் கட்டினால் போதும். மூங்கிலை அன்று காலையில்தான் வெட்ட வேண்டும். முந்தின நாளே வெட்டினால் இலை சுருண்டு, கிளை துடைப்பம் மாதிரி நிற்கும்.

மார்ச் மாதம்

வட்டங்கள் உடைவது சண்டையால் அல்ல, பெரும்பாலும் இடமாற்றத்தால். பெரும்பாலான ஜப்பானிய நிறுவனங்களின் கணக்காண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. இடமாற்ற உத்தரவுகள் அதை ஒட்டியே வரும். வெளிநாட்டில் பணியாற்றும் குடும்பங்கள் சில ஆண்டுகளே ஓர் ஊரில் இருப்பார்கள். உங்கள் வட்டத்தின் உயிரே அவர்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒருவர், பிப்ரவரி கடைசியில் "ஜிட்சு வா...", அதாவது 'உண்மையைச் சொன்னால்...' என்று தயக்கத்தோடு ஆரம்பிப்பார். இடம், தகவல், கணக்கு மூன்றும் உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும் என்று முதல் படியில் சொன்னது இதற்காக.

ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள். யார் போகக்கூடும் என்று நேராகக் கேட்க வேண்டாம், "உங்கள் நண்பர்களில் யாருக்காவது இதில் விருப்பம் இருக்குமா?" என்று கேளுங்கள். போகிறவர் தன் இடத்துக்கு வருபவரை ஒரு முறையாவது கூட்டி வந்து அறிமுகம் செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தலைப்பு அட்டைகள், பெயர் அட்டைகள், தூரிகைகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைக் குழுவில் நிரந்தரமாக ஒட்டி வையுங்கள்.

விடைபெறும் கூட்டத்துக்கு ஜப்பானிய வழக்கப்படி 'யொசெகாகி' கொடுங்கள். 'ஷிகிஷி' என்ற, ஏறக்குறைய 24க்கு 27 சென்டிமீட்டர் உள்ள கெட்டி அட்டையின் நடுவில் போகிறவர் பெயர். சுற்றிலும் ஒவ்வொருவரும் இரண்டு வரி. 12 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு அட்டை வாங்குங்கள், இல்லாவிட்டால் கடைசியில் எழுதுபவருக்கு மூலையில் கட்டைவிரல் அகலம்தான் மிஞ்சும். இரண்டு வாரம் முன்னதாகவே அட்டையைச் சுற்றுக்கு விடுங்கள். மைப்பேனா அட்டையில் ஊறிப் பரவும்; நுனி மெல்லிய மார்க்கர் நல்லது. ஜப்பானிய மொழியில் எழுத வராதவர்கள் தமிழிலேயே எழுதட்டும். அந்த 25 நிமிடங்களில் பழகிய எழுத்தை அவரால் ஊரில் போய்க் கூட்டிக் கூட்டிப் படிக்க முடியும்.